உலைக்கு முன்னால் ஒரு பிடி

தமிழ்நாட்டுக் கிராமத் திருச்சபைகளில் பெண்கள் வழிவழியாகச் செய்துவருவது பிடி அரிசிக் காணிக்கை. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும்; அங்கிருந்து ஊழியத்துக்கோ இல்லாதவர் வீட்டுக்கோ போய்ச் சேரும். உத்திரமேரூர்ப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே வாழும் எனக்கு, நன்றியைப் பற்றி இதைவிடத் தெளிவான பிரசங்கம் கிடைத்ததில்லை. சாப்பிட்டு மீந்தால் கொடுப்பது எளிது. வீட்டிலுள்ள எல்லாருக்கும் போதுமா என்று தெரிவதற்கு முன்பே எடுத்துவைக்க விசுவாசம் வேண்டும்.

யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் படித்த பாடமும் இதுதான். மன்னா என்னும் ஆகாரம் காலைதோறும் பெய்தது. தலைக்கு ஒரு ஓமர் அளவு சேர்க்கலாம். மறுநாளைக்கென்று ஒளித்துவைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாய்க் கிடைத்தது. ஆனாலும் விதைநெல் எடுத்துவைக்காத விவசாயி கிடையாது. சேமிப்பதைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. நேற்று தந்தவர் இன்றும் தருவார் என்று நம்பி விடியற்காலையில் எழுந்து போகும் பழக்கத்தையே நாற்பது ஆண்டுகள் அவர் பழக்கினார். பரமண்டல ஜெபத்தில் அன்றைய ஆகாரத்தை மட்டும் கேட்க இயேசு சொல்லிக்கொடுத்ததும் இதே பழக்கத்துக்காகத்தான்.

ஏரிகளை நம்பிப் பயிர் வைக்கும் எங்கள் பகுதிக்கு இது சட்டென்று விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். ஏரி கோடி போய்விட்டது என்று கேட்டால் ஊரே கரைக்குப் போய்ப் பார்க்கும். மழை தேவனுடைய கையில். கரையும் மதகும் வாய்க்காலும் மனிதர் கையில். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்லும்போது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள் என்கின்றன. தேவன் தரும் தண்ணீர் வயலுக்கு வந்துசேர, ஆண்டு முழுக்க யாரோ பொறுப்பெடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் குடவோலையில் பெயர் இடம்பெற, வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சேற்றில் இறங்கியவருக்கு அந்தத் தகுதி இல்லை. அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் அவர்கள் நிலை மாறவில்லை. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமில்லாக் கொடுமையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்தே அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் பிறந்தது. உத்திரமேரூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நிலமில்லாதிருந்த அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்று எங்கள் ஆலயங்களிலும் பாய் விரித்து உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். அவர்களிடம் போய், இருப்பதே போதும் என்று நன்றியின் பேரால் உபதேசிக்க எனக்கு வாய் வராது. தனக்கு வரவேண்டிய பங்கைக் கேட்பவரும் நன்றியுள்ளவரே.

சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் என்று ஒரே வரியில் இரவு ஜெபத்தை முடிக்கும் வழக்கத்தை அதனால்தான் விட்டேன். சோறு வந்த வழியைப் பின்னோக்கி நினைத்துப் பார்க்கிறேன்: நாற்று நட்டவர்கள், வயலுக்குத் தண்ணீர் திருப்பியவர், கொள்முதல் நிலையத்தில் மூட்டை சுமந்தவர், வீட்டில் வடித்து இறக்கியவர். ஒவ்வொருவருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிக்கிறேன். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இது இன்னும் தேவைப்பட்டது. மரம் பூக்காமல், தொழுவம் வெறுமையாய்க் கிடந்தாலும் களிகூருவேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசி, வறட்சி இல்லாததுபோல நடிக்கவில்லை. ஒவ்வொரு இழப்பையும் எண்ணிச் சொல்லிவிட்டே தேவனைத் துதித்தார்.

இப்படி ஜெபித்துப் பழகினால் கையும் மாறியாக வேண்டும். கூலியாளின் கூலி விடியும்வரை நம்மிடம் தங்கக் கூடாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன், அன்றன்றைய கூலியை நிறுத்திவைக்க முடியாது. கர்த்தர் நமக்குத் தருவதில் ஒரு பகுதி அடுத்தவருக்குச் சேரவேண்டியது. அதைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுவதும் ஸ்தோத்திரம்தான்.