31 கட்டமும் ஒரு லூப்பும்

எஸ்டேட்டில் பறித்த கொழுந்தின் எடையைத் தினமும் குறிப்பார்கள். அந்த மாதக் கணக்குக்கு ஃபார்ம் போட்டால் 31 டெக்ஸ்ட் பாக்ஸ். கூட்டுவதற்கு 31 வரி எழுதலாம்தான். ஆனா, 17 வரவேண்டிய இடத்தில் 16 விழுந்தால் 16-ம் தேதி எடை இருமுறை ஏறும். 17-ம் தேதி காணாமல் போகும். கம்ப்யூட்டர் வாயே திறக்காது.

1991-ல் வந்த விஷுவல் பேசிக்கில் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்து ‘கன்ட்ரோல் அர்ரே’ ஆக்கினால், ‘ஃபார் - நெக்ஸ்ட்’ லூப் மூன்றே வரியில் கூட்டிவிடும். இன்றைய டாட் நெட்டில் பெயரோடு எண்ணை ஒட்டிக் கூப்பிடணும், அவ்வளவுதான்.

லூப்புக்குள் இருக்கும் வரி தப்பினால் 31 நாளும் தப்பும். உடனே கண்ணில் படும். என் அம்மா கொழுந்து பறிப்பவர். விடுபட்ட ஒரு நாள் நமக்கு ‘பக்’; அவருக்கோ கூடுதல் கிலோவுக்கான காசு!