லாரி சிந்திய எண்ணெய்

லாரி என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது அதன் ஹாரன் சத்தம்; அதற்கு அடுத்தபடியாக, பின்பலகையில் எழுதியிருக்கும் தத்துவ வாசகம். அந்த வாசகத்தைப் படித்து ரசிக்கும் நேயர்கள் தங்கள் பார்வையை இரண்டு முழம் கீழே இறக்கினால், பின்சக்கரங்களுக்கு நட்ட நடுவில் நல்ல முற்றிய பூசணிக்காய் ஒன்று அச்சில் கோத்துத் தொங்குவதைக் காண்பார்கள். அதற்குத்தான் டிபரென்ஷியல் என்று பெயர். நல்ல தமிழில் என்ன பெயரிடுவது என்பதைப் பண்டிதர்கள் முடிவு செய்யட்டும். பட்டறைகளில் இந்தப் பெயரே வழங்குவதால் நாமும் அப்படியே சொல்லி விடுகிறோம்.

இந்தப் பூசணிக்காய்க்குள் என்ன இருக்கிறது? களத்தில் பிணையல் கட்டிப் போரடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வரிசையாகப் பிணைத்த மாடுகள் சுற்றி வரும்போது, நடுவில் இருக்கும் மாடு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் மெதுவாக அடி வைக்கும். கடைசியில் இருக்கும் மாடு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருக்கும். லாரி ஒரு வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்களின் கதியும் இதுவே. மாட்டு வண்டியில் சக்கரங்கள் அச்சில் தத்தம் இஷ்டம்போல் சுழல்வதால் தொல்லை இல்லை. எஞ்சின் திருப்புகிற சக்கரங்களுக்கு அந்தச் சுதந்திரம் ஏது? இரண்டுக்கும் பலத்தையும் கொடுக்க வேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் செல்ல இடமும் கொடுக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்து ஒனேசிஃபோர் பெக்கூர் என்பவர் 1828-ம் ஆண்டிலேயே நீராவி வண்டிக்காக இந்தப் பல்சக்கர ஏற்பாட்டுக்குப் பேடண்டு உரிமை பெற்று விட்டார். மோட்டார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே!

இவ்வளவு சக்கரங்களும் எண்ணெயில் மூழ்கித்தான் வேலை செய்கின்றன. எண்ணெய் வெளியே வந்தால்தான் வினை.

நமது மைத்துனர் ஒருவர் சங்ககிரியில் இருக்கிறார். அவருக்கு ஒரு லாரி உண்டு. ஒரே ஒரு லாரி. கடன் வாங்கி வாங்கியது. பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே சாமான் ஏற்றிப் போய் வருகிற அந்த வண்டிதான் அவர் வீட்டு அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் எல்லாம். சென்ற ஆண்டு அந்தப் பூசணிக்காயின் முன்வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடியத் தொடங்கியது. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு உள்ளே நுழைகிற இடம் அது. மைத்துனர் ஒரு பட்டறையில் காட்டினார். அங்கிருந்தவர், "இதுக்குப் போய்ப் பிரிச்சு மேயணுமா? நூத்து நாப்பது ஆயில் ஊத்திக்கிட்டாப் போச்சுங்க. கெட்டி ஆயில், ஒழுகாது!" என்றார். ஊற்றினார்கள். சொட்டு குறையவும் குறைந்தது. மைத்துனருக்கு ஒரே சந்தோஷம்.

பதினைந்து நாள் கழித்து, நிறைந்த பாரத்துடன் தொப்பூர் கணவாயில் இறங்கிக் கொண்டிருந்தபோது, பிரேக்கை மிதித்ததும் வண்டி இடது பக்கமாக வெடுக்கென்று இழுத்தது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் அந்த இறக்கம் எத்தனை வண்டிகளைக் கவிழ்த்திருக்கிறது என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். மைத்துனர் முன்னமே கியரைக் குறைத்து மெள்ள வந்து கொண்டிருந்தார், அதனால் பிழைத்தார். கீழே வந்து வலப்பக்கத்துப் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் லைனிங் முழுவதும் எண்ணெய்! உடனே நமக்குப் போன் செய்து, "மாமா, நல்லவேளை!" என்று அவர் சொன்ன குரல் இன்னும் நம் காதில் இருக்கிறது.

இந்தத் தடவை அவர் வேறொரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டு போனார். நாமும் உடன் போயிருந்தோம். அந்த மெக்கானிக் ஆயில் சீலைப் பார்க்கவே இல்லை. வண்டிக்கடியில் படுத்து, அச்சின் மேற்புறத்தைக் கையால் துழாவி, சேறும் பிசுக்கும் மூடிய ஒரு சிறு பித்தளைக் குமிழைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக் கொண்டு, "தம்பி, இது என்னன்னு தெரியுமா?" என்று மைத்துனரைக் கேட்டார். மைத்துனருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிரீதர் என்று பெயர். அச்சின் மூக்கு என்று சொல்லலாம். வண்டி ஓட ஓட உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் சூடேறும். சூடேறிய காற்று விரியும். விரிந்த காற்று அந்த மூக்கு வழியாக வெளியேறும். மூக்கு அடைத்துப் போனால்? வீட்டிலே குக்கரின் ஆவித் துவாரத்தில் பருப்பு அடைத்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதை இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குள் அடைபட்ட காற்று எண்ணெயைத் தள்ளிக் கொண்டு, இடங்கொடுத்த சந்தில் புறப்பட்டு விடுகிறது. முதலில் முன்வாய் இடங்கொடுத்தது. கெட்டி எண்ணெய் அந்த வழியைச் சற்று மறித்ததும், சக்கரத்துப் பக்கம் இருக்கும் சீலைத் தாண்டிப் பிரேக்கில் போய் விழுந்தது. தரையில் சொட்டிய வரையில் அது எண்ணெய்ச் செலவு. பிரேக்கில் சொட்டியதும் உயிர்ச் செலவாக இருந்தது.

மூக்கை மண்ணெண்ணெயில் கழுவியதோடு வேலை தீரவில்லை. கெட்ட சீல்களை மாற்றத்தானே வேண்டும்? அந்தப் பெரியவர் வேலை செய்த நிதானத்தை நாம் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். எண்ணெயை இறக்குவதற்கு முன் அவர் திறந்தது அடி மூடியை அல்ல. எண்ணெய் ஊற்றுகிற மேல் மூடியை. துருப்பிடித்த மேல் மூடி திறக்க மறுத்தால், உள்ளே இருந்ததை இறக்கி விட்டு மறுபடி ஊற்ற வழியில்லாமல் திண்டாட வேண்டும் அல்லவா? அடி மூடியில் ஒரு காந்தம் இருந்தது. அதில் மை போன்ற நுண்ணிய இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. அது வயசின் குணம், பயமில்லை என்றார். சில்லுச் சில்லாக இரும்பு வந்திருந்தால் பல்லே உடைகிறதென்று அர்த்தமாம்.

ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். அதன் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அணைத்துக் கொண்டிருக்கும். அந்த உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். முற்காலத்தில் தோலினால் செய்தார்கள். பெரியவர் புதுச் சீலைப் போடுமுன், அது உராயும் உலோகப் பகுதியில் விரல் நகத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நகம் ஒரு பள்ளத்தில் தட்டியது. பழைய ரப்பர் ஆண்டுக் கணக்காகச் சுற்றி இரும்பிலேயே வரி போட்டிருந்தது. அதன் மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லி, அந்தப் பாகத்தையே மாற்றச் செய்தார். நடு நட்டைக் கழற்றுமுன் அது இருந்த இடத்தில் உளியால் ஓர் அடையாளமும் இட்டுக் கொண்டார். அதைக் கண்டபடி முறுக்கினால் உள்ளிருக்கும் பேரிங் இறுகி, சூடேறிக் கெட்டுப் போகுமாம்.

பூசணிக்காயின் இரு பாதிகளும் சேருகிற விளிம்பை ஒட்டுவதற்கு முன்னெல்லாம் கடுதாசி கேஸ்கட்டில் ஷெல்லாக் தடவினார்கள். ஷெல்லாக் வேறொன்றுமில்லை, நமது நாட்டு அரக்குத்தான்! சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் ஒரு சிறு பூச்சி கக்குகிற பிசினைச் சாராயத்தில் கரைத்தால் அதுவே ஷெல்லாக். 1924-ம் ஆண்டிலேயே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற ஊரில் அரக்கு ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டது. உலகத்து மோட்டார்களையெல்லாம் நமது பூச்சி ஒட்டி வைத்தது என்று எண்ணும்போது நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது. இப்போது சிலிகான் பசை அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. பெரியவர் பழைய பசையைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அறுபடாமல் ஒரு கோடு இழுத்தார். வாரி அப்பினால் உள்ளே பிதுங்கி, பிய்ந்து, எண்ணெயில் மிதக்கும். போல்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி முறுக்கி, "ராத்திரி காயட்டும், காலையில ஆயில் ஊத்தலாம்" என்று கையைக் கழுவிக் கொண்டார்.

இனி எந்த எண்ணெய் என்ற கேள்வி. கடையில் 80டபிள்யூ-90 என்றும், 85டபிள்யூ-140 என்றும் டப்பாக்கள் நிற்கின்றன. டபிள்யூ என்பது குளிர் காலத்தைக் குறிக்கும். 80டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரிக் குளிரிலும், 85டபிள்யூ 12 டிகிரிக் குளிரிலும் ஓரளவு இளகி நிற்க வேண்டுமென்பது விதி. சங்ககிரிக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். நூறு டிகிரிச் சூட்டில் 90-ம் நம்பர் எண்ணெயின் கெட்டித்தன்மை 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 140-ம் நம்பர் 24-லிருந்து 32.5 வரை. நம்பரைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். எஞ்சினில் ஊற்றும் 40-ம் நம்பர் எண்ணெயும் கியருக்கான 90-ம் கெட்டியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு அளவுகோல்கள், அவ்வளவே. 140-ஐ நாம் தூஷிக்கவில்லை. கனத்த பாரத்துக்கும் கடும் வெயிலுக்கும் அதையே ஊற்றும்படி சில வண்டிகளின் புஸ்தகத்தில் போட்டிருக்கிறது. புஸ்தகத்தில் 90 என்று இருக்க, ஒழுகலை மறைப்பதற்காக 140 ஊற்றுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம். கெட்டி எண்ணெயைக் கடைவதற்கு எரிகிற டீசல் யாருடையது?

கெட்டித்தன்மையைக் காட்டிலும் முக்கியமானது ஜி.எல். என்ற எழுத்துக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எண். 1926-ல் அமெரிக்காவில் பாக்கார்டு மோட்டார்களில் ஹைபாய்டு என்ற வகைப் பல்சக்கரம் வந்தது. சிறிய சக்கரம் பெரியதன் மையத்துக்குச் சற்றுக் கீழே பொருந்துவதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும். கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து வேண்டும். கியர் எண்ணெயின் அந்த நெடி அதனால் வருவதுதான். ஒரு காலத்தில் திமிங்கிலத்தின் எண்ணெயைக்கூட இதற்குக் கலந்தார்கள். 1970-ல் அமெரிக்கா அந்தப் பிராணியை அழியும் இனமென்று அறிவித்த பிறகு அந்த வழக்கம் போயிற்று. இப்போது ஹைபாய்டு அச்சுக்கு ஜி.எல். 5 என்று போட்ட எண்ணெயே உரியது. மீதி இருக்கிறதே என்று அதைக் கியர் பெட்டியில் ஊற்றி விடலாகாது. அங்குள்ள பித்தளை வளையங்களை அந்த மருந்து அரிக்கக் கூடும், பெரும்பாலும் ஜி.எல். 4 கேட்கிற இடம் அது.

மறுநாள் காலை சமதரையில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பைத் தொடும் வரையில் 90-ம் நம்பர் ஊற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் ஊத்தலாமே!" என்றார் மைத்துனர். "வழிய வழிய ஊத்தினா மறுபடி பிரேக்குக்குத்தான் போகும், தம்பி" என்று பெரியவர் மூடியைத் திருகி விட்டார். எண்ணெய் குடித்த லைனிங்குகளைக் கழுவிப் போடலாமா என்று கேட்டதற்கும் தலையை அசைத்து, இரண்டு பக்கமும் புதிதாகவே போடச் சொன்னார். அந்தச் செலவில்தான் மைத்துனரின் முகம் சுருங்கியது.

வண்டி புறப்படும்போது பெரியவர் ஓடி வந்து, பிரீதர் இருக்கும் இடத்தை இன்னொரு தடவை விரலால் தொட்டுக் காட்டினார். "மாசம் ஒருக்கா துடைச்சு விடுங்க. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கிறேன்னு இதை மட்டும் அடைச்சுப்போடாதீங்க!"