காலைப் பிடிங்க தம்பி!

நாவல் படித்துக் கெட்டுப்போனவர்கள் என்று யாராவது பட்டியல் எடுத்தால், முதல் பக்கத்திலேயே என் பெயர் இருக்கும். கெடுத்தவர் நா.பார்த்தசாரதி. ஆயுதம், ‘குறிஞ்சி மலர்’.

எனக்கு நாமகிரிப்பேட்டை. வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால், “நாதஸ்வரம் கிருஷ்ணன் ஊரா?” என்று கண்ணை அகல விரிப்பார்கள். “ஆமாங்க, எங்க வீட்டுக்குப் பக்கத்துத் தெரு!” என்று அடித்துவிடுவேன். (நான் பொய் சொல்லும் லட்சணத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

பி.காம். முடித்துவிட்டு வேலை இல்லாமல் லைப்ரரி பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் புத்தகம் கையில் சிக்கியது. முதல் சில பக்கங்களைக் காணோம். எவனோ கடலை மடிக்கக் கிழித்திருப்பான்.

1960 வாக்கில் ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் நா.பா. ‘கல்கி’யில் எழுதிய தொடர் அது. திருப்பரங்குன்றத்துப் பேராசிரியர் மகள் பூரணி. அப்பா இறந்துபோக, தம்பி தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு அவள் தலையில். வேலை தேடி வெயிலில் அலைந்து மதுரைத் தெருவில் மயங்கி விழுகிறவளைக் காரில் வந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறார். கதாநாயகன் அரவிந்தன் ராஜகுமாரனும் இல்லை, கலெக்டரும் இல்லை. அச்சகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பையன். கடைசியில், காய்ச்சல் பரவிய இடத்துக்குப் போய் யார் யாருக்கோ பணிவிடை செய்து, அதே காய்ச்சலில் செத்துப்போகிறான்.

அழுதேன் சார். நான் மட்டுமா? அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அதில் அரவிந்தனாக நடித்தவர் மு.க.ஸ்டாலின்.

புத்தகத்தை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்த கையோடு, சேலம் போய்ப் பழைய புத்தகக் கடையில் சொந்தமாக ஒன்று வாங்கினேன். எனக்குள் ஓர் அரவிந்தன் தயாராகிவிட்டான். எங்கேயாவது யாராவது மயங்கி விழமாட்டார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருத்தரும் விழவில்லை.

1992-ல் விழுந்தார் ஒருவர்.

அப்போது சேலத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஆண்டகளூர் கேட் தாண்டி மல்லூர் போகும் வழியில் பஸ் மெதுவானது. சாலையோரம் ஒரு சைக்கிள், பக்கத்தில் ஓர் ஆள். வேட்டியெல்லாம் ரத்தம். கை அசைந்தது. பஸ்ஸில் இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம் எழுந்து போய்ப் பார்த்தார்கள். “அடப்பாவமே!” என்றார்கள். ஒருவர் “போலீஸ் கேஸுப்பா, ஓட்டு ஓட்டு” என்றார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஒருவேளை கண்ணாடியைத்தான் பார்த்தாரோ என்னவோ.

ஒன்பதரைக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து. ஒன்பது நாற்பதுக்கு மேனேஜர் சிவப்பு இங்க்கில் கோடு போட்டுவிடுவார். மூன்று கோடு விழுந்தால் அரை நாள் சம்பளம் அவுட். நான் உட்கார்ந்தே இருந்தேன். மடியில் இருந்த பையில் டிபன் பாக்ஸும், மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த ‘குறிஞ்சி மல’ரும்!

அந்த ஆள் பிழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ரிஜிஸ்டரில் சரியான நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அது மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் புத்தகத்தைத் தொடவில்லை. அரவிந்தன் மேல் கோபம் வந்தது. அவனுக்கென்ன? அவன் முதலாளி மீனாட்சிசுந்தரம் தங்கமான மனுஷர். சிவப்பு இங்க் பேனா வைத்திருந்ததாக நாவலில் எங்கேயும் இல்லை. நான் படித்தவரை, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று அவன் ஒரு நிமிஷம்கூட நின்று யோசித்ததில்லை. நமக்கோ அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாமே நடக்கிறது... அல்லது நடக்காமல் போகிறது.

1998. எங்கள் ஊர் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்துக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மஞ்சள் வெட்டுக் காலம். ஊரே மஞ்சள் வேகிற வாசனையில் இருக்கும். வேலை முடிந்து வந்து, ராசிபுரம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நன்றாக இருட்டிவிட்டது. எதிரே ஒரு டிராக்டர், டிரெய்லரோடு பாதி ரோட்டில் நிற்கிறது. பின்னால் விளக்கும் இல்லை, சிவப்புத் துணியும் இல்லை. ‘எவனாவது மோதப்போறான்’ என்று நினைத்து முடிப்பதற்குள் ஒரு டி.வி.எஸ். 50 வந்து ‘டமார்’!

நான் என்ன செய்தேன்? நின்றேன். வழக்கம்போல.

அப்போதுதான் அந்தம்மா வந்தார். மஞ்சள் மண்டியில் விரலி தனி, கிழங்கு தனி என்று பொறுக்கிப் பிரிக்கிற வேலை. கை, முந்தானை எல்லாம் மஞ்சள். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, விழுந்தவரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

“ஏனுங்க தம்பி, என்ன வேடிக்கை? காலைப் பிடிங்க!”

ஆபீஸில் எத்தனையோ பேர் காலைப் பிடித்த கைதான் இது. ஆனால் இந்தக் காலைப் பிடித்தபோது நடுங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தனியாக ஆடியது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த ஒரு டெம்போவை அந்தம்மா குறுக்கே நின்று மறித்தார். கிழங்கு மேலேயே படுக்க வைத்து ராசிபுரம் ஆஸ்பத்திரி. நான் எப்படி வண்டியில் ஏறினேன் என்று கேட்காதீர்கள். காலை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் விடவில்லை. அவ்வளவுதான்!

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க பேரு?”

கோர்ட், சாட்சி, வாய்தா, லீவு, சிவப்பு இங்க் எல்லாம் வரிசையாகக் கண்முன்னே ஓடின. வாய் தானாகத் திறந்தது.

“அரவிந்தன்.”

“விலாசம்?”

நாமகிரிப்பேட்டை என்று மட்டும் உண்மை சொல்லி, இல்லாத ஒரு தெருப் பெயரைச் சேர்த்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து ஓடிவந்துவிட்டேன். வீட்டில் அம்மா சட்டையை ஊறப்போட்டு சோப்பைத் தேய்க்க, அந்தம்மா கைபட்ட மஞ்சள் கறையெல்லாம் திடீரென்று செக்கச்செவேலென்று மாறியது. “அய்யோ, இவ்வளவு ரத்தமா!” என்று அலறிவிட்டார். சவுக்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பதற்றம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் கொஞ்சம் மார்தட்டியிருப்பேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சலூனில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தர் வந்து விசாரிக்கிறார்: “இந்த ஊர்ல அரவிந்தன்னு யாராச்சும் இருக்காங்களா?” அடிபட்டவரின் தம்பி. கால் ஆபரேஷன் ஆகியும் முன்போல மடங்கவில்லையாம். நஷ்டஈடு கேஸ் நாமக்கல் கோர்ட்டில். டிராக்டரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இவர்தான் கண்ணை மூடிக்கொண்டு வந்து மோதினார் என்று எதிர்த்தரப்பு சாதிக்கிறது. மண்டியில் வேலை பார்க்கும் அம்மா வந்து சாட்சி சொல்லிவிட்டார். ‘கூட இருந்ததாகச் சொல்லும் அரவிந்தன் எங்கே? அப்படி ஓர் ஆளே இல்லையே! அப்புறம் இந்தம்மா சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?’ என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல்.

என் பாதி முகத்தில் சோப்பு நுரை. மீதி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்தக் காலத்துப் பையன்களுக்கு இந்தப் பயம் புரியாது. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. தமிழ்நாட்டில் அது வந்தது 2008-ல்தான். விபத்தில் அடிபட்டவருக்கு டாக்டர் முதலில் சிகிச்சை தரவேண்டும், போலீஸ் நடைமுறையெல்லாம் அப்புறம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு என்ன பாதுகாப்பு? அதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உதவ வந்தவரைப் பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அவராக விரும்பினால்தான் சாட்சி என்ற விதிமுறைகளை அந்த வருஷம் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பைச் சேர்த்தார்கள். 2021 டிசம்பரில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் தரும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. தொடங்கி வைத்த முதலமைச்சர் யார் தெரியுமா? நம்ம டி.வி. அரவிந்தன்!

ஆக, நான் பொய் சொல்லித் தப்பித்ததை இன்று சட்டப்படியே செய்யலாம். ஆனால் ஒன்று, பெயர் சொல்லாமல் போவது வேறு, பொய்ப் பெயர் சொல்லி இன்னொருத்தர் சாட்சியைக் கெடுப்பது வேறு.

மூன்று ராத்திரி தூக்கம் இல்லை. நாலாம் நாள் அந்தத் தம்பியைத் தேடிப் போய், “அரவிந்தன் நான்தாங்க” என்றேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். அது அடியைவிட வலித்தது.

“தலைவலி காரணமாக” என்று லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு (அதுவும் பொய்!) கோர்ட்டுக்குப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா?

“அன்னைக்குப் போலீஸ்கிட்ட பொய் சொன்னீங்க. இன்னைக்கு மட்டும் நிஜமா?”

“அன்னைக்குப் பேரு மட்டும்தாங்க பொய். லைட் இல்லாதது நிஜம்.”

கூண்டில் கால் உதறியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன். கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாகத்தான் தீர்ப்பானது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அரை நாள் சம்பளம் போனது.

அன்று அந்தம்மாவும் கோர்ட்டுக்கு வந்திருந்தார். ராசிபுரம் போய்த்தான் பஸ் மாறவேண்டும் என்பதால், நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இருவரும் காத்துக்கொண்டிருந்தோம்.

“ஏந்தம்பி, அதென்ன அரவிந்தன்?”

சொன்னேன். முழுக் கதையையும் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

“காய்ச்சக்காரங்களைப் பார்த்துட்டு இவனும் போய்ச் சேர்ந்துட்டானா? ப்ச்... அவனைக் கட்டிக்க இருந்த புள்ள?”

“கடைசிவரைக்கும் அவனையே நினைச்சுக்கிட்டு, ஊருக்கு நல்லது செஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க.”

“அது சரி. அந்தப் புள்ளையோட தம்பி தங்கச்சிங்களுக்கு யாரு சோறு போட்டாங்க?”

மூன்று தடவை படித்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ராசிபுரம் பஸ் உள்ளே நுழைந்தது. ஒரே கூட்டம்.

“தம்பி, இதைப் பிடிங்க” என்று பையை என் கையில் திணித்துவிட்டு, சீட் பிடிக்க ஓடினார் அந்தம்மா.