அடியும் முன்னோரும்

திருவண்ணாமலையை வலம் வரும் சாலையில், பெரிய கோயிலினின்று நோக்க மலையின் மறுபுறத்தே அமைந்தது எமது ஊராகிய அடி அண்ணாமலை. மலையடியில் இருத்தலின் அப்பெயர் பெற்றது என்பர் சிலர்; ஆதி அண்ணாமலை என்பதே அவ்வாறு மருவிற்று என்பர் வேறு சிலர். அடி என்னும் சொல்லுக்குப் பாதம் என்றும் மூலம் என்றும் இரு பொருளும் உண்டாகலின், இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று.

சென்ற கோடை விடுமுறையில் இதனை யொத்த வழக்கொன்று எம் இல்லத்திலேயே எழுந்தது. எம் குடும்பத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர் எனது கொள்ளுப்பாட்டனார். அவரது கல்லறைக்குப் புதுக்கல் நாட்ட விரும்பிய பெரியப்பா, “தம்பி, நீ காலேஜில் படிக்கிறவன், அவர் பேருக்குக் கீழே பொருத்தமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்று எழுதிக் கொடு” என்றார். யானும் மகிழ்ந்து அகராதியை விரித்தேன்.

ஆன்செஸ்டர் என்பது இலத்தீன் மூலத்தில் முன்னே சென்றவர் என்னும் பொருளது. நம் முன்னோர் என்னும் சொல்லுக்கு உடன்பிறந்தது எனலாம். போர்பேர் என்பது முன்னே இருந்தவர் எனப்படும். பயனீர் என்பதோ, படைக்கு முன் சென்று பள்ளந் தோண்டி வழி செய்த காலாட்களைக் குறித்த பிரெஞ்சுச் சொல். போர்பாதர் என்பதில் தந்தை உண்டு, தாய் இல்லை.

ஒரு துறையைத் தொடங்கினவரை அதன் தந்தை என்று கூறும் ஆங்கில வழக்கு நம்மிடையேயும் பரவியுளது. திராவிட மொழிநூலின் தந்தை எனக் கால்டுவெல் ஐயரைப் போற்றுகின்றோம். அவரது ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். தென்மொழிகள் தனியோர் இனம் என்பதை எல்லிஸ் துரை 1816லேயே எடுத்துக் காட்டியிருந்தார். அவ்வாறே, 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிடுவித்த அண்டிரிக் அடிகளாரைத் தமிழ் அச்சின் தந்தை என்கின்றோம். அவ்வெழுத்துகளை வார்த்தோர் வேறு. அவர்களை எவரும் தந்தையர் என்பதில்லை. இதனால் அப்பெரியோரின் புகழ் குறைவுபடாது. ஆயினும், தந்தை என்னும் பட்டம் ஒருவர் தலையில் ஏறுங்கால், உடனுழைத்தோர் பலர் மறைந்து விடுகின்றனர் என்பது தெளிவு.

இவற்றைப் பெரியப்பாவுக்கு யான் விரித்துரைக்கையில், திண்ணையிலிருந்த பாட்டி, “அவரைப் பெற்றவள் ஒருத்தி இருந்தாளே, அவள் பேர் எந்தக் கல்லில் இருக்கிறது?” என்றார். யாங்கள் வாயடைத்து நின்றோம். மகன் சபையிற் சேர்ந்த நாளில் உறவினர் எல்லாரும் அவரை விலக்கினராம். தாய் ஒருத்தியே, விறகு விற்ற காசில் அவருக்குச் சோறிட்டுக் காத்தாளாம். அவள் ஞானஸ்நானம் பெறாமலே மறைந்தமையின், எம் வேதாகமத்தின் முன்னேட்டில் எழுதிவரும் குடும்பப் பெயர்களுள் அவள் பெயர் இல்லை. அதனை அறிந்தவர் பாட்டி ஒருவரே. எண்பது கடந்த அவரோடு அப்பெயரும் மண்ணிற் போயிருக்கும்.

“சபையில் சேராதவள் பேரைக் கல்லறையில் எழுதலாமா?” எனப் பெரியப்பா தயங்கினார். “மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் மோவாபியப் பெண்ணாகிய ரூத்தின் பெயர் உண்டே, பெரியப்பா” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. இரண்டு நாள் கழித்து, “எழுதிக் கொடு” என்றார்.

யான் எழுதிக் கொடுத்ததில் ஆங்கிலச் சொல் ஒன்றுமில்லை. கொள்ளுப்பாட்டனாரின் பெயருக்கு முன்னே அவர் தாயின் பெயரைப் பொறித்து, ‘மகன்’ என்று மட்டும் சேர்த்தோம். கல் நாட்டிய அன்று பாட்டி அவ்வெழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அப்பெயர் எவ்விடத்தே உளதென்று கேட்டு, அங்கே விரலை வைத்துச் சிறிது நேரம் நின்றார்.