155 பஸ்ஸில் ஒரு துவக்கு

நேற்று மாலை வெள்ளவத்தையில் 155 பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் அக்கா வீடு. நிற்கவே இடமில்லை, ஒரு பிள்ளையின் புத்தகப்பை என் விலாவில், யாரோ ஓர் அம்மாவின் மரக்கறிப் பை காலடியில். பக்கத்தில் இரண்டு பெடியள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்: "இந்தக் காலத்தில ஆளுக்கொரு துவக்கு வேணும் மச்சான்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அவர்களுடைய பயம் விளங்குகிறது. 2025 பெப்ரவரி 19, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, பாதாள உலகப் புள்ளி என்று சொல்லப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தார்; துப்பாக்கி வந்தது உள்தாள்கள் வெட்டப்பட்ட ஒரு புத்தகத்துக்குள். காவல் போட்ட இடத்திலேயே அப்படி.

ஆனாலும் பஸ்ஸுக்குள் துவக்கு வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் சுடுகலன் வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்குகிறது. அந்தப் பிடி இன்னும் இறுகட்டும். சாரதி பிரேக் அடித்தால் நாற்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிற இடம் இது. மிச்சக் காசுக்காக கொண்டக்டரோடு வாய்த்தர்க்கம் வராத நாளுண்டா? அந்தக் கோபத்தின் இடுப்பில் ஒரு துவக்கு இருந்தால்?

பயத்தோடு பயணம் செய்த போர்க்காலத்தை நாங்கள் பார்த்தவர்கள். 1996 ஜூலை 24, தெஹிவளையில் மாலை ரயிலில் குண்டுகள் வெடித்தன. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள். அந்த வருடங்களில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, தமிழில் ஒரு சொல் கதைக்காமல் திரும்ப ஏறுவோம். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை நடுங்கும்.

இறங்கும்போது அந்தப் பெடியளில் ஒருவன்தான் என் பையை எடுத்துத் தந்தான். தம்பி, இதை வாசித்தால், அந்த நாட்களைப் பற்றி உன் அம்மாவிடம் ஒருக்கா கேள்.