அந்த நீலத்தின் விலை

என் ஆபீஸ் மேஜை மேல் பளபளப்புப் போன ஒரு குரோம் மூடி இருக்கிறது. அதில் குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். புதிதாய் வருகிறவர்கள் "என்ன சார், சோப்பு டப்பா மூடியா?" என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிடுவேன். நிஜத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மத்தியான சாப்பாடு ஆறிவிடும். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் குறுக்கே பேச மாட்டீர்கள்.

2007. கம்பெனி என்னை அமெரிக்காவில் நாஷ்வில்லுக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. ஊரோ சங்கீத ஊர். பீட்சா கொண்டு வருகிற பையன்கூட கிடார் வாசிப்பான். எனக்கும் வாசிக்க வரும். காலேஜ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள். அதை வைத்தே நானூறு பாட்டை ஒப்பேற்றிவிடுவேன்.

நானும் ஒரு மதுரைக்கார நண்பனும் ஒரு வீட்டு மாடியில் இருந்தோம். கீழே வீட்டுக்காரப் பாட்டி. தாத்தா போய் இரண்டு வருஷம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் ஜி, சி, டி கீழே கேட்டிருக்க வேண்டும். பாட்டி கூப்பிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே ஓர் எலெக்ட்ரிக் கிடார். நல்ல நீலம். தலையில் 'ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்'.

"முன்னூறு டாலர் குடுத்துட்டு எடுத்துக்கோ. அவசரமில்லை. கூரை ஒழுகுது. ஒவ்வொண்ணா வித்துக்கிட்டு இருக்கேன்."

எனக்கு நெஞ்சு படபடத்தது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது! அதனால்தானோ என்னவோ, ரிப்பேர்க்காரர் மூளையோடு யோசித்தார். குடைந்த பெட்டி எதற்கு? முழுக் கட்டை போதும். சத்தத்தைக் காந்தமும் கம்பிச் சுருளும் பார்த்துக்கொள்ளும். கழுத்தை ஒட்டாமல் நாலு ஸ்குரூ போட்டு மாட்டினால், கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். 1950-ல் அப்படி வந்ததுதான் பின்னால் டெலிகாஸ்டர் ஆயிற்று. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். விலை 249 டாலர் 50 சென்ட். 1965 ஜனவரியில், உடம்பு முடியாத லியோ, கம்பெனியை சி.பி.எஸ். என்ற டெலிவிஷன் நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கப்புறம் தரம் இறங்கிவிட்டது என்று வாசிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். அன்றிலிருந்து ஃபெண்டர் கிடாருக்கு கி.மு., கி.பி. மாதிரி ஒரு கணக்கு: சி.பி.எஸ்.ஸுக்கு முன், பின். 'முன்' என்றால் விலை எகிறும்.

எதிர்க்கட்சியான கிப்ஸனின் கதை இன்னும் தமாஷ். 1958 முதல் 1960 வரை, லெஸ் பால் மாடலை சாயங்கால வானம் மாதிரி ஒரு நிறத்தில் சுமார் 1,500 செய்தார்கள். சரியாக விற்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். 1966-ல் எரிக் கிளாப்டன், ஜான் மேயால் குழுவின் ஆல்பத்தில் அந்த மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்க, ஆளாளுக்கு அது வேண்டும் என்றார்கள். இன்று நல்ல நிலைமையில் ஒன்று கிடைத்தால் லட்சக்கணக்கில் டாலர். கடையில் தூங்கியதுதான் பிற்பாடு தங்கம்!

இந்த ஞானம் எனக்கு அரைகுறையாய் இருந்தது. அன்று ராத்திரி தூங்காமல் மீதியையும் படித்தேன். அந்தக் காலத்தில் ஃபெண்டரிடம் ஐந்து சதவீதம் கூடக் கொடுத்தால் சிவப்பு, நீலம் என்று கேட்ட கலர் அடித்துத் தருவார்கள். டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்ட். அப்படிக் கேட்டவர்கள் குறைவு. ஆகவே ஃபாக்டரி நீலம் என்றால் சாதாரண கிடாரைவிட விலை ஜாஸ்தி. பிற்பாடு யாராவது அடித்த நீலம் என்றால் பாதி விலை. ஒரே நீலம்தான். யார் அடித்தது என்பதுதான் கேள்வி.

மறுநாள் பாட்டியிடம் "பார்த்துட்டு சொல்றேன்" என்று கிடாரை ஒரு பழைய கிடார் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பல் டாக்டர் மாதிரி விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். முதுகில் இருந்த தகட்டில் நம்பர் 'எல்' என்று ஆரம்பித்தது. தலையை ஆட்டினார். கழுத்தைக் கழற்றினார். அடிப்பாகத்தில் 1964 என்று முத்திரை. முன்பக்கப் பிளாஸ்டிக்கைத் தூக்கி, வால்யூம் குமிழின் அடியில் ஓர் எண்ணைக் காட்டினார்: 304-6347. 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி. 63 என்றால் 1963. 47 என்றால் அந்த வருஷத்தின் 47-வது வாரம். பற்றவைப்பில் யாரும் கை வைக்கவில்லை. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

அப்புறம் கட்டையின் குழிக்குள் டார்ச் அடித்தார். நீலத்தின் ஓரத்தில், அதற்கு அடியில், மஞ்சளும் கறுப்பும் எட்டிப் பார்த்தன.

"வீட்டில அடிச்ச பெயிண்ட்" என்றார். ஒரே வாக்கியத்தில் பாதி விலை போச்சு! "இருந்தாலும் பத்தாயிரம் டாலர். இப்பவே தரேன்."

அப்போது டாலர் நாற்பது ரூபாய். நாலு லட்சம். ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன் மூன்றே கால் லட்சம்.

"யோசிச்சு சொல்றேன்" என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மதுரைக்காரன் தெளிவாய் இருந்தான். "மாப்ளே, விலை அவங்க சொன்னது. நீ ஒரு பொய்யும் சொல்லலை. முன்னூறைக் குடு, வேலையைப் பாரு." வாஸ்தவம்தான். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் முன்னூறு டாலரைக் கவரில் போட்டு இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பெரிய உத்தமன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். உத்தமனுக்கு இரண்டு நாள் ஆகாது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மழை. கவரைக் கொடுத்துவிடலாம் என்று கீழே போனேன். பாட்டி, "நல்ல வேளை வந்தே, இதைக் கொஞ்சம் கொட்டிட்டு வரியா?" என்று ஒழுகலுக்கு வைத்த பக்கெட்டைக் காட்டினார். தளும்பத் தளும்ப இருந்தது. கொட்டிவிட்டு வந்து, பழைய இடத்தில் வைத்து நிமிர்ந்தபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அது முன்னூறு இல்லை. பத்தாயிரம். பெயிண்ட் அடிக்காம இருந்தா இருபதாயிரம் ஆகியிருக்கும்."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரிப்பு.

"புதுசா வாங்கிட்டு வந்தப்போ மஞ்சளும் கறுப்புமா இருந்தது. சவப்பெட்டி மாதிரி இருக்கு, வீட்டுக்குள்ளே கொண்டு வராதேன்னேன். மறுநாளே கராஜில் உட்கார்ந்து எனக்குப் பிடிச்ச நீலத்தை அடிச்சார். பத்தாயிரம் டாலர் கலரா! அந்த மனுஷன் எனக்காக இவ்வளவு செலவு பண்ணினார்னு இன்னிக்குத்தான் தெரியுது!"

அந்த வாரமே இரண்டு பேருமாய்ப் போய் விற்றோம். கூரை சரியாயிற்று. கடைக்காரர், "கம்பிகள் மேலே ஒரு குரோம் மூடி இருக்குமே, அதுவும் இருந்தா இன்னும் கொஞ்சம் தரலாம்" என்றார். ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு அப்படி ஒரு மூடி வரும். கைக்கு இடைஞ்சல் என்று வாசிக்கிறவர்கள் அதைக் கழற்றிப் போட்டு ஆஷ்ட்ரேயாக வைத்துக்கொண்டார்கள். பெயரே 'ஆஷ்ட்ரே' என்று ஆகிவிட்டது.

"அது விற்பனைக்கு இல்லை" என்றார் பாட்டி. வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "முன்னூறு டாலருக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா உனக்கு?" கவரை மட்டும் வாங்கவே இல்லை. அந்தப் பணம் தங்கச்சி கடனுக்குப் போனது. பாக்கிக் கடனை இரண்டு வருஷம் கட்டினேன்.

2008-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் கவிழ்ந்தபோது பழைய கிடார் விலையும் விழுந்தது. கடைக்காரர் என்னைத் திட்டியிருப்பார். 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 39.75 லட்சம் டாலருக்குப் போனது என்று பேப்பரில் படித்தேன். அதுவும் பிறக்கும்போது மஞ்சளும் கறுப்பும்தான். மேலே கறுப்பைப் பூசியவர்கள் பிற்பாடுதான்! கழுத்துகூட ஒரிஜினல் இல்லை. பெயிண்ட் அடித்தால் பாதி விலை என்கிற சட்டம், வாசித்தவர் பெயர் ஊருக்குத் தெரியாதபோது மட்டும்தான் போலிருக்கிறது.

போன மாசம் எங்கள் ஆபீஸைப் பெருக்க வரும் அம்மா, என் மேஜை மூடியைச் சோப்புத் தூளும் நாருமாய்த் தேய்க்க ஆரம்பித்திருந்தார். "புதுசு மாதிரி ஆக்கித் தரேன் சார்."

"ஐயோ, கை வைக்காதீங்கம்மா!" என்று ஓடினேன்.

நல்லவேளை, உள்பக்கம் தப்பித்தது. அங்கே ஒரு சிகரெட் சுட்ட தழும்பும், ஒரு சொட்டு நீல பெயிண்டும் இருக்கின்றன.