வெந்நீர்த் தொட்டியும் உப்புக் கிணறும்

எங்கள் கரையில் வெந்நீர்க் குளிப்பு நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உரியது. மற்றவர்களுக்குக் கிணற்றடியும் வாளியும் போதும். மூட்டு நோவுக்கு வெந்நீர் தேடுகிறவர்கள் வேன் பிடித்து மகா ஓயாவுக்கோ திருகோணமலைக் கன்னியாவுக்கோ போய் வருவார்கள். ஆகவே, தம்பிலுவிலில் ஒரு வீட்டுக்கு லண்டனிலிருக்கும் மூத்த மகனின் காசில் வெந்நீர்த் தொட்டி வந்திறங்கியபோது, வேலியோரம் நின்று பார்த்தவர்கள் சிரித்ததில் வியப்பில்லை. அந்த வீட்டு இளைய மகன், அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலிருந்து என் நண்பர். தொட்டி அவருடைய தாயாருக்காக வந்தது. எழுபதைக் கடந்த அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் மடங்க மறுத்திருந்தன.

சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இத்தகைய தொட்டியின் வரலாறே ஒரு நோயாளிப் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்குசி சகோதரர்கள் வயலுக்கு நீர் இறைக்கும் பம்புகள் செய்தவர்கள். அவர்களில் ஒருவரான கன்டிடோவின் மகன் சிறுவயதிலேயே மூட்டுவாதத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் கிடைத்த சுழல்நீர்ச் சிகிச்சையை வீட்டிலும் கொடுப்பதற்காக, குளியல் தொட்டிக்குள் வைக்கக்கூடிய ஒரு பம்பை அவர்கள் ஆக்கினார்கள். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. ஆடம்பரம் என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

நண்பர் வீட்டுத் தொட்டி சிறியது. 240 லீற்றர் கொள்ளும். ஒரு பம்ப் நீரை உறிஞ்சி, வடிகட்டியினூடாகவும் பிறகு ஹீட்டர் இருக்கும் குழாயினூடாகவும் தள்ளி, மீண்டும் தொட்டிக்குள் பீச்சும். பின்னேரங்களில் இருபது நிமிடம் அதற்குள் இருந்தால், அன்றிரவு அம்மா பிறர் கை பிடிக்காமல் எழுந்து நடப்பார். நாலு மாதம் இப்படி நடந்தது.

கோடை முற்றிய நாட்களில் தொட்டி முரண்டு பிடிக்கத் தொடங்கியது. முதலில் நீரின் வேகம் குறைந்தது. பிறகு சூடு ஏறவில்லை. ஹீட்டர் இரண்டு கிலோவாற்று. 240 லீற்றர் நீரைப் பத்துப் பாகை செல்சியஸ் உயர்த்த, கணக்குப்படி ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வேண்டும். ஆனால் மூன்று மணித்தியாலம் ஓடியும் நீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கடைசியில், சுவிட்சைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டது.

பார்க்க வந்த முதலாவது ஆள் மூடியைக் கழற்றினார், உள்ளே எட்டிப் பார்த்தார், “போர்ட் போயிட்டு” என்றார். புதிய போர்ட் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் அவர் ஒரு வழி சொன்னார்: ட்ரிப் சுவிட்சுக்கு வெளியே தனி வயர் இழுத்துத் தொட்டிக்கு நேரே மின்சாரம் கொடுத்துவிடலாம், அரை மணித்தியால வேலை.

தாயார் நோவில் முனகிக்கொண்டிருக்கும் வீட்டில் இப்படி ஒரு வழி எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நண்பர் ஒரு கணம் தடுமாறினார். அந்தச் சுவிட்ச் செய்யும் வேலை இதுதான்: வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் மின் ஒழுகி, நீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குப் போனால் கணக்குப் பிசகும். வீடுகளில் பொருத்துவது வழக்கமாக 30 மில்லி அம்பியர் வகை. ஒழுக்கு அந்த அளவை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தக் காவலை விலக்கிவிட்டு 230 வோல்ற்றை நீருக்குள் விடுவதென்றால், அந்த நீருக்குள் இருப்பது யார்?

வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அக்கரைப்பற்றில் நாற்பது வருடமாக ஒயரிங் வேலை செய்யும் ஒரு காக்காவை அழைத்துப் போனேன். அவர் போர்டைத் தொடவில்லை. மெயினை நிறுத்தினார். ஹீட்டருக்குப் போகும் வயர்களை மட்டும் கழற்றி முனைகளைக் கட்டி ஒதுக்கினார். எல்லோரையும் தொட்டியிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். பம்ப் ஓடியது, ட்ரிப் விழவில்லை. மறுபடியும் நிறுத்தி வயர்களைக் கொழுவிப் போட்டார். விழுந்தது.

“சேர், ட்ரிப் விழுறது பிழையில்ல. விழாட்டித்தான் பிழை” என்றார்.

நோயின் இடம் தெரிந்துவிட்டது. வடிகட்டியை வெளியே எடுத்தபோது அதன் மடிப்புகளுக்குள் மாவாக மணலும் பழுப்பு நிறச் சேறும் அடைந்திருந்தன. நீரின் வேகம் குறைந்தது அதனால்தான். வேகம் குறைந்ததும் ஹீட்டர்க் குழாய்க்குள் நீர் தேங்கி அளவுக்கு மிஞ்சிச் சூடேற, அங்கிருக்கும் வெப்பக் காவலி ஹீட்டரை அடிக்கடி நிறுத்தியிருக்கிறது. ஹீட்டர் அளவுக்கு மிஞ்சிச் சூடானதால் தொட்டி சூடாகவில்லை! ஹீட்டரைக் கழற்றினோம். கம்பிச் சுருளைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, நம் கேத்தல்களின் அடியில் படிவதைப் போல. அதைச் சுரண்டியபோது உலோக உறையில் ஊசி குத்தியது போன்ற அரிப்பு ஒன்று தெரிந்தது. மின் ஒழுகிய வாசல் அதுதான்.

சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்து செய்த வேலை. அப்படியானால் உப்பு எங்கிருந்து வந்தது? விடையை அம்மாவே வைத்திருந்தார்.

“மனே, கோடைக்கு மோட்டரப் போட்டா இந்தத் தண்ணி கரிக்கும். தேத்தண்ணிக்கு நான் விடியக் கப்பியிலதான் அள்ளுற.”

கடலோர மணல் நிலத்தின் கீழே நன்னீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மேல் மிதக்கிறது. உவர்நீர் சற்றே பாரமானது என்பதால் மட்டும் நிலைத்திருக்கும் உறவு அது. ஒல்லாந்தரான பேடன் கைபனும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்திருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படித்தால்தான் பயம் வரும்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறி வரலாம். வாளியால் அள்ளும்போது கிணறு மூச்சு வாங்க நேரமிருக்கிறது. மோட்டர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

இந்தப் பாடத்தை எங்கள் கரை ஒரு முறை பெரும் விலை கொடுத்துப் படித்தது. 2004 டிசம்பர் 26இல், இலங்கையிலேயே அதிகமான உயிர்களை அம்பாறை மாவட்டம் இழந்தது. எஞ்சியவர்களுக்குக் குடிக்க நீரில்லை, கிணறுகளைக் கடல் மூடிச் சென்றிருந்தது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு பம்புகளைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தார்கள். சேறும் குப்பையும் போயின. உப்பு போகவில்லை. வெறுமையாகும்வரை மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் உவர்நீர் கீழிருந்து ஏறியது, சில கிணறுகளின் சுவர்களும் இடிந்தன. அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாமென்று நீரியல் அறிந்தவர்கள் எச்சரிக்க வேண்டி வந்தது. கடைசியில் உப்பைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். நண்பர் வீட்டுக் கிணறும் அப்படித்தான் தேறியது. இன்றைய உப்பு சுனாமியின் மிச்சமல்ல. பக்கத்து வளவுகளின் மோட்டர்களும் தொட்டியை நிரப்பிய மோட்டரும் கோடையில் சேர்ந்து அழைத்து வந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது மனம் மத்ரஸாப் பாடத்துக்குப் போயிற்று. ஷாஃபிஈ மத்ஹபில் குல்லத்தைன் என்றோர் அளவு உண்டு. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம் கொண்ட தொட்டி நிறைந்த நீர். இன்றைய அளவில் ஏறத்தாழ 200 லீற்றர். அந்த அளவுள்ள நீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறம், சுவை, மணம் மாறாதவரை நீர் கெடுவதில்லை. பள்ளிவாசல் ஹவுழ்கள் நிற்பது இந்தச் சட்டத்தின் மேல்தான். நண்பர் வீட்டுத் தொட்டியும் அந்த அளவைத் தாண்டியதுதான். கடல்நீரிலும் வுழூச் செய்யலாம் என்பதால் உப்பு நம் தஹாரத்துக்குத் தடையல்ல. ஆனால் ஹீட்டருக்கு மத்ஹப் இல்லை!

வணக்கத்துக்குரிய சுத்தம் ஒன்று, உடல்நலத்துக்குரிய சுத்தம் இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இளஞ்சூட்டு நீரில் நிறமும் மணமும் மாறாமலே பெருகும் கிருமிகள் உண்டு. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய பிறகு அடையாளம் காணப்பட்ட லெஜியனெல்லா அவற்றில் ஒன்று. அதனால்தான் இத்தகைய தொட்டி நீரில் லீற்றருக்கு 3 மில்லிகிராமாவது குளோரீன் இருக்க வேண்டும், பீஎச் 7க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும், சூடு 40 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இருந்தாலும் நாக்கால் நீரைச் சோதிக்கும் பழைய அறிவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கருவி வருமுன் அம்மாவின் தேத்தண்ணி பழுதைக் கண்டுபிடித்திருந்தது.

புதிய ஹீட்டர் ஒன்று வாங்கிக் காக்கா பொருத்தினார். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தொட்டி வழியாக நிலத்துக்குப் போகும் எர்த் வயரைப் புதிதாக இழுத்தார், தொட்டிக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் போட்டார். வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். சுண்ணாம்பு மெல்லியதாக இருக்கும்போதே மின்னைத் துண்டித்துவிட்டு வினாகிரியால் கரைத்தெடுக்க வேண்டும். மாரியில் கூரை நீரைப் பிடித்துத் தொட்டிக்கு வைத்துக்கொள்வது, கோடையில் குழாய்நீரை நிரப்புவது, கிணற்றைக் கப்பிக்கு விட்டுவிடுவது என்று வீட்டார் முடிவெடுத்தார்கள்.

1985இலும் 1990இலும் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் நடந்தவற்றை இரு பக்கத்துப் பெரியவர்களும் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை எங்கோ ஓரிடத்தில் கசிந்து சுவிட்ச் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும், ஏன் விழுந்தது என்று கேட்டவர்களைக் கலகக்காரர் என்று ஒதுக்கிவிட்டு, வெளியே ஒரு வயர் இழுத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர்களைத்தான் நாம் கெட்டிக்காரர் என்றோம். காக்கா அந்த வீட்டில் கூலி வாங்க மறுத்தார். அம்மா விடவில்லை. “வேலைக்குக் கூலி, மனசுக்கு இது” என்று காசோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கையில் வைத்தார்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். அம்மா வாளியில் அள்ளித் தந்த கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கரித்தது. தை வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றார்.